ஈரத்தோலும் செதில்தோலும்

வால்பாறைத் தவளைகளையும் அரிட்டாபட்டிப் பாறை ஓணான்களையும் படமெடுப்பது பற்றி ஓர் ஒப்பாய்வு

வெள்ளிக்கிழமை இரவு வண்டியேறி, சனி ஞாயிறு முழுக்கக் காட்டோரம் கழித்து, திங்கள் காலை கண் சிவக்க அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் இப்போது எல்லா நகரங்களிலும் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் பறவை பார்க்கிறவர்கள். ஒரு சிறு கூட்டம் மட்டும் தலை நிமிராமல் தரையையும் புதரையும் பார்த்தபடியே நடக்கும். தவளை, தேரை, ஓணான், அரணை, பாம்பு, ஆமை ஆகியவற்றைத் தேடிப் படமெடுக்கிறவர்கள் அவர்கள். தங்களுக்குள் இதை ‘ஹெர்ப்பிங்’ என்று சொல்லிக்கொள்வார்கள். தவளைக்குப் போனாலும் பாம்புக்குப் போனாலும் அதே பை, அதே கேமரா, அதே வாட்ஸ்அப் குழு.

இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டும் வழக்கம் பழையது. 1758இல் வெளிவந்த ‘சிஸ்டமா நேச்சுரே’யின் பத்தாம் பதிப்பில் லின்னேயஸ் தவளையையும் பாம்பையும் ஒரே வகுப்பில்தான் வைத்தார். பின்னால் வந்தவர்கள் பிரித்துவிட்டார்கள். இன்றைய வகைப்பாட்டில் ஓணானுக்குத் தவளையைவிடக் காக்கைதான் நெருங்கிய சொந்தம். ஆனாலும் ஆய்வுத்துறை ஒன்றாகவே நீடிக்கிறது. பொழுதுபோக்கும் அதன் வழியே போய்விட்டது.

படமெடுக்கப் போகிறவருக்கு இந்தச் சேர்க்கை நன்மையைவிடக் கெடுதலையே அதிகம் செய்கிறது. வேறுபாடு தோலில் தொடங்குகிறது. தவளையின் தோல் மெல்லியது, ஈரமானது, நீரும் காற்றும் ஊடுருவக்கூடியது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான். ஊர்வனவின் தோலோ நம் நகத்தைப் போலக் கெரட்டினாலான செதில்களைப் போர்த்தியது. உள்ளிருக்கும் நீரை எளிதில் வெளியே விடாது. இரண்டுமே உடல்சூட்டை வெளியிலிருந்து பெறுகிறவைதாம். ஆனால் ஒன்றின் முதல் கவலை ஈரம், மற்றதன் முதல் கவலை வெயில். எந்த மாதம் போவது, காதை நம்புவதா கண்ணை நம்புவதா, எந்த லென்ஸ், எவ்வளவு தள்ளி நிற்பது, எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன. இதைப் பார்க்கத் தமிழகத்திலேயே எதிரெதிரான இரண்டு இடங்களை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு நிலங்கள்

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக மழைக்காடு எஞ்சியிருக்கும் ஆனைமலைப் பீடபூமி இது. அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழகத்திலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் தோட்டத்து ஓடைகளும் ஏலக்காய்ப் புதர்களும் தவளைச் சத்தத்தால் நிறைந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தவளையினங்களில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஆனைமலையின் பெயரையே தாங்கிய பறக்கும் தவளை ஒன்றும் இங்கே உண்டு. 2000ஆம் ஆண்டில்தான் அறிவியலுக்கு அறிமுகமானது.

மதுரைக்கு வடகிழக்கே, மேலூர் வட்டத்தில் அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், அவற்றின் அடியில் ஏரிகளும் சுனைகளும், மேலே சமணர் படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டும். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரண்டு ஊர்களிலுமாக 193.215 ஹெக்டேர் பரப்பைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. மொட்டைப் பாறையும் முட்புதரும் நிறைந்த இந்நிலத்தில் எளிதில் கண்ணில் படும் ஊர்வன பாறை ஓணான். இணைசேரும் பருவத்து ஆணின் முதுகு சிவந்தும் விலாப்புறம் கறுத்தும் இருக்கும். பெண் பாறையின் நிறத்திலேயே பழுப்பாக இருக்கும்.

வால்பாறையில் ஊர்வன இல்லையா, அரிட்டாபட்டியில் தவளை இல்லையா என்றால் இரண்டிடத்திலும் இரண்டும் உண்டு. ஆனால் ஈரத்தோல் எதைக் கேட்கிறது என்பதை வால்பாறையைப் போலவும், செதில்தோல் எதைக் கேட்கிறது என்பதை அரிட்டாபட்டியைப் போலவும் தெளிவாகக் காட்டும் இடங்கள் குறைவு.

நாளும் நேரமும்

வால்பாறையில் நல்ல இரவு என்றால் சாயங்காலம் பெய்து ஓய்ந்த மழை, காற்றில்லாத தூறல், ஏழு மணிக்கு மேல் இருட்டு. மழை கொட்டினால் இலையில் விழும் சத்தத்தில் கூப்பாடு எதுவும் கேட்காது. நான்கு நாள் வெயில் அடித்திருந்தால் தவளைகள் இலைச்சருகுக்கு அடியிலேயே இருந்துவிடும். விதிவிலக்கும் உண்டு. ஓடைப் பாறைகளில் வாழும் நடனத் தவளைகள் பகலிலேயே இயங்குபவை. ஓடும் நீரின் இரைச்சலில் குரல் மட்டும் போதாது என்பதால் ஆண் தவளை பின்னங்காலை நீட்டி விரலிடைச் சவ்வை விரித்துக் காட்டும். இந்தக் கூட்டத்தில் 14 புதிய இனங்களை 2014இல் ஒரே கட்டுரையில் விவரித்தார்கள்.

அரிட்டாபட்டியில் கணக்கு தலைகீழ். சூரியன் ஏறியதும் ஓணான் பாறை விளிம்புக்கு வந்து உடலைத் தட்டையாக்கி வெயில் காயும். சூடேறிய பிறகுதான் தலையாட்டலும் துரத்தலும். பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும்போது இடுக்குக்குள் போய்விடும். நான்கு மணிக்கு மேல் திரும்பவும் தலைகாட்டும். ஆண்கள் நிறமேறி நிற்பது கோடையிலும் அதைத் தொடரும் மாதங்களிலும்.

வார இறுதியில் மட்டும் போகக்கூடியவருக்கு இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. வெயில் எல்லாச் சனிக்கிழமையும் வரும். முதல் மழை செவ்வாய்க்கிழமை பெய்துவிட்டால் என்ன செய்வது? சமவெளியில் இது இன்னும் கடுமை. மாதக்கணக்கில் மண்ணுக்குள் புதைந்திருக்கும் தவளைகள் முதல் பெருமழையில் வெளியே வந்து, இரண்டொரு இரவில் இணைசேர்ந்து முட்டையிட்டுவிட்டு மறைந்துவிடும். வயலோரக் குட்டைகளில் பெரிய தவளையினத்தின் ஆண்கள் எலுமிச்சை மஞ்சளாக மாறி, நீலக் குரல்பைகளை உப்பிக்கொண்டு கத்துவதும் அந்தச் சில நாள்களில்தான். எந்த மழை என்பதுகூட இனத்துக்கு இனம் மாறும். 2003இல் கேரளத்தின் இடுக்கியிலிருந்து விவரிக்கப்பட்ட ஊதாத் தவளை, தென்மேற்குப் பருவத்துக்கு முந்தைய மழையில் மண்ணைவிட்டு வெளியே வருகிறது. 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து விவரிக்கப்பட்ட அதன் சகோதர இனமோ, மறைந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரைத் தாங்கியது, வடகிழக்குப் பருவத்தை ஒட்டி இனப்பெருக்கம் செய்கிறது. மலையின் இரு சரிவுகள், இரு மழைகள், இரு இனங்கள். ஆக, ஊர்வன தேடுகிறவர் நாள்காட்டியைப் பார்த்து விடுப்பு எடுக்கலாம். தவளை தேடுகிறவர் வானிலை அறிக்கையைப் பார்த்துத்தான் எடுக்க முடியும்.

காதும் கண்ணும்

கட்டைவிரல் நுனியளவே இருக்கும் புதர்த்தவளையை இருட்டில் கண்ணால் தேடுவது வீண். அதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். ‘டிக்... டிக்... டிக்’ என்று ஒரு குரல் வந்துகொண்டே இருக்கும். பக்கத்தில்தான் என்று தோன்றும், ஆனால் எந்தப் பக்கம் என்று பிடிபடாது. இதற்கு அனுபவசாலிகள் கையாளும் முறை எளியது. இரண்டு பேர் நாலைந்து அடி இடைவெளியில் நின்று, டார்ச்சை அணைத்து, கண்ணை மூடிக் கேட்க வேண்டும். குரல் வரும் திசைக்கு அவரவர் கையை நீட்டிக்கொண்டு, பிறகு ஒரே சமயத்தில் டார்ச்சைப் போட வேண்டும். இரண்டு வெளிச்சமும் வெட்டிக்கொள்ளும் இடத்துப் பக்கத்து இலையில்தான் தவளை இருக்கும். வெளிச்சம் பட்டதும் கூப்பாடு நின்றுவிடும். தலையளவுக்கு உப்பியிருந்த தொண்டைப்பை சுருங்கி, கன்னத்தோடு ஒட்டிக்கொண்ட தோலாகிவிடும். அங்கேதான் பொறுமைக்கு வேலை. வெளிச்சத்தைத் தணித்து அசையாமல் நின்றால், கொஞ்ச நேரத்தில் தொண்டை ஒருமுறை துடிக்கும், பிறகு பாதி உப்பும், பிறகு முழுக் குரலும் திரும்பும். இணையைக் கூப்பிடும் ஆணுக்கு ஒவ்வொரு கூவலும் உடலைக் கரைக்கும் செலவு. நாம் நிறுத்திவைத்த ஒவ்வொரு நிமிஷமும் அதன் இரவில் கழிந்துபோன நிமிஷம்.

பாறை ஓணான் சத்தமே போடாது. பாம்புகள் சீறினால் அது நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்பதன் எச்சரிக்கை. நம்மை வழிநடத்தும் குரல் இல்லை. இங்கே கண்தான் எல்லாம். அதிலும் விலங்கைத் தேடும் கண் தோற்றுப்போகும். பாறையின் விளிம்புக்கோட்டில் எங்கே ஒரு சிறு புடைப்பு இருக்கிறது, அது நேற்றும் இருந்ததா என்று பார்க்கும் கண்தான் ஜெயிக்கும். ஆண் முன்னங்காலை ஊன்றி உடலை ஏற்றி இறக்கும்போது நூறடி தள்ளியிருந்தாலும் தெரிந்துவிடும். பெண்ணைக் கண்டுபிடிப்பதுதான் சோதனை.

பாம்பு தேடுவதில் இந்தக் கண் இன்னொரு படி மேலே போக வேண்டும். பாம்பைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் தடயத்தைப் பார்க்க வேண்டும். உரித்த சட்டை, மணலில் இழுபட்ட கோடு, நூலாம்படை அறுந்திருக்கும் வளை வாய். இந்தக் கலையில் இருளர் பழங்குடியினரை மிஞ்ச ஆளில்லை. பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பு போனபின், 1978இல் அவர்களின் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது; விஷமுறிவு மருந்து தயாரிப்புக்கான நஞ்சை மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியிலிருந்து அவர்கள் வழங்கிவருகிறார்கள். அந்தச் சமூகத்தின் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்துப்போனார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்கத்தான். முன்பின் பார்த்திராத அந்த நிலத்தில், முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அவர்கள் கையில் கேமரா இல்லை. ஆனால் ஊர்வனவைப் படமெடுக்க விரும்பும் எவரும் முதலில் கற்கவேண்டிய பாடம் அவர்களிடம்தான் இருக்கிறது.

வெளிச்சம்

ஈரத்தோல் ஒளியைக் கண்ணாடி மாதிரித் திருப்பி அடிக்கும். நேராக ஃபிளாஷ் போட்டால் தவளையின் முதுகெங்கும் வெள்ளைப் பொட்டுகள் விழும். அழகு கெடுவது மட்டும் இல்லை. தோலின் சிறு கொப்புளங்களும் மடிப்புகளும் அந்த வெள்ளையில் மறைந்துபோகும். புதர்த்தவளைகளை இனம் பிரிக்க உதவுபவை அவைதாம். அதனால் தவளைக்காரர்கள் ஒளியைப் பரப்பித் தணிப்பதற்கே பாதி மூளையைச் செலவழிப்பார்கள். வெட்டிய சிப்ஸ் டப்பா, உள்ளே ஒட்டிய அலுமினியத் தாள், வாயில் வெள்ளை ஃபோம் ஷீட் என்று ஆளுக்கொரு கைவேலை வைத்திருப்பார்கள். எஃப் 11, நொடியில் 160இல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 400 என்று தொடங்கினால் பெரும்பாலும் சரியாக வரும். பின்புலம் கரியாகிப் போவது பிடிக்காதவர்கள் துணையாக ஒரு சின்ன விளக்கை இலைக்குப் பின்னால் வைப்பார்கள். ஒரே தவளைமேல் பத்து இருபது ஃபிளாஷ் அடிப்பது மட்டும் தகாது. இருட்டுக்குப் பழகிய கண் அது.

செதில்தோலுக்கு ஃபிளாஷே பெரும்பாலும் வேண்டாம். சூரியன் தாழ்ந்திருக்கும்போது பக்கவாட்டில் விழும் ஒளி ஒவ்வொரு செதிலின் விளிம்பையும் தனியே எடுத்துக் காட்டும். உச்சிவெயிலில் அதே ஓணான் தட்டையாகத் தெரியும். அரிட்டாபட்டியில் வேறொரு தொல்லை உண்டு. வெளிறிய பாறை கேமராவின் ஒளிமானியை ஏமாற்றி ஓணானைக் கருப்பாக்கிவிடும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டிவைத்தால்தான் கறுத்த விலாவில் விவரம் தெரியும்.

நிறமும் நம் நடத்தையைப் பொறுத்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் இதே பாறை ஓணானைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். பெண்ணை நாடும்போது ஒரு நிறக்கோலம், எதிரி ஆணோடு மோதும்போது வேறொரு நிறக்கோலம் என்று அது சில நொடிகளில் மாறுவதை அளந்து காட்டியிருக்கிறார்கள். பிடித்துக் கையில் வைத்துப் படமெடுத்தவருக்குக் கிடைப்பது மங்கிய ஓணான். தள்ளி உட்கார்ந்து, தன்னை ஓணான் மறந்துபோகும்வரை காத்திருந்தவருக்குத்தான் சிவப்பும் கறுப்பும் கிடைக்கும். தவளையிடம் இருட்டில் காட்டிய பொறுமையை இங்கே வெயிலில் காட்ட வேண்டும்.

எவ்வளவு நெருங்கலாம்

100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸில் உயிர் அளவுக்குப் படமெடுக்க, சென்சாரிலிருந்து 30 சென்டிமீட்டரில் உயிரினம் இருக்க வேண்டும். லென்ஸின் நீளத்தைக் கழித்தால் கண்ணாடிக்கும் விலங்குக்கும் இடையே ஒரு சாண்கூட மிஞ்சாது. புதர்த்தவளை அந்தத் தூரத்தைப் பொறுத்துக்கொள்ளும். மெல்ல நெருங்கினால் இலையைவிட்டு அசையாது. சில சமயம் லென்ஸின் நிழலிலேயே கூவும். இரண்டு மழைக்காலம் இப்படிப் பழகியவரின் கை தானாகவே நீளும்.

அந்தக் கை கண்ணாடி விரியன்முன் நீளக்கூடாது. நான்கடி நீளமுள்ள விரியன் தன் உடலில் பாதித் தூரத்துக்கு எட்டிக் கொத்தும் என்று வைத்தாலே, மேக்ரோ தூரம் அதன் எல்லைக்குள் வந்துவிடுகிறது. சுருட்டை விரியன் சிறியது, ஆனால் சுருண்ட நிலையிலிருந்து கணத்தில் பாயக்கூடியது. அதனால் விஷப்பாம்புக்கு 300 மில்லிமீட்டரும் அதற்கு மேலும்தான் சரி. பாம்பின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்காவது இடைவெளி விட்டு, அது போகவேண்டிய வழியை மறிக்காமல் தரையோடு படுத்து எடுக்க வேண்டும். பாறை ஓணானுக்கும் நீண்ட லென்ஸ்தான் நல்லது. அது கடிக்காது, ஆனால் ஒருமுறை ஓடி ஒளிந்தால் காலை நேரத்துச் சூட்டை இழக்கும், பக்கத்து ஆணிடம் இடத்தையும் இழக்கலாம்.

அரிட்டாபட்டியில் குன்றேறும்போது ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் சொன்னதில் இந்தப் பாடம் முழுக்க அடங்கியிருந்தது. “தம்பி, கைய ஊண்டி ஏறாதீங்க, கால வச்சு ஏறுங்க. இடுக்குல என்ன கெடக்குன்னு தெரியாது.” பாறைப் பிளவில் கண் போகும் முன்னே கை போகக்கூடாது என்பதுதான் விதி.

வால்பாறையில் இரண்டு உலகமும் ஒரே இலையில் சந்திக்கும். தவளை கூவும் அதே உயரத்தில், தேயிலைச் செடியிலும் ஓடையோரக் கிளையிலும், பச்சைக் குழிவிரியன் அசையாமல் சுருண்டிருக்கும். ஒரு காரணம், தவளை அதற்கு இரை. குரலைத் தொடர்ந்து போய் இலையை விலக்கும் கை அதன் முகத்துக்கு நேரே போய் நிற்கலாம். தவளை தேடும் இரவில் ஒவ்வொரு கிளையையும் பாம்பு தேடுகிறவரின் கண்ணோடு ஒருமுறை தடவிவிட்டுத்தான் கையை அருகே கொண்டுபோக வேண்டும்.

யாருக்கு யாரால் ஆபத்து

பாம்பு என்றதும் நமக்கு ஆபத்து என்று நினைக்கிறோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தார்கள் என்று 2020இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்தில் உழைத்து வாழ்கிறவர்கள், கேமராக்காரர்கள் இல்லை. இதிலும் இரண்டு நிலத்துக்கும் வேறுபாடு உண்டு. அரிட்டாபட்டி போன்ற சமவெளியில் அஞ்சவேண்டியவை நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு. நம் மருத்துவமனைகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து இந்த நான்குக்காகவே தயாரானது. மலையின் குழிவிரியன்கள் அந்தப் பட்டியலில் இல்லை. மேல்மூக்குத் தூக்கிய சிறு குழிவிரியன் ஒன்றின் கடிக்கு அந்த மருந்து பலன் தராது. எதுவாக இருந்தாலும் கீறவோ கட்டவோ கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போவதுதான் ஒரே வழி. வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு அந்த வழியில் 40 வளைவுகள் இருக்கின்றன என்பதை மறக்கக்கூடாது. உண்மையில் வால்பாறை இரவில் பாம்பைவிடப் பெரிய ஆபத்து யானைதான். யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் தோட்டத் தொழிலாளர்களுக்கு எச்சரிக்கும் ஏற்பாடே அங்கு நடைமுறையில் இருக்கிறது. “சார், வண்டிய விட்டு எறங்காதீங்க” என்று ஓட்டுநர் சொன்னால் எந்தத் தவளைக்காகவும் இறங்கக்கூடாது. வால்பாறையைச் சுற்றியுள்ள புலிகள் காப்பகத்துக்குள் இரவில் போக வனத்துறை அனுமதி வேண்டும் என்பதும் வெறும் சடங்கு இல்லை.

தவளை விஷயத்தில் ஆபத்தின் திசையே மாறிவிடுகிறது. இங்கே ஆபத்து நாம்தான். மழைக்கால வால்பாறையில் அட்டைக் கடி தாங்காமல் கையிலும் காலிலும் உப்பு, மூக்குப்பொடி, புகையிலைத் தண்ணீர், கொசு மருந்து என்று எதையாவது பூசிக்கொள்ளாதவர் குறைவு. அதே விரலால் தவளையைத் தொட்டு இலையில் நேராக உட்காரவைத்தால், நம் தோலில் மேலோடு நிற்கும் அந்த மருந்து அதன் உடலுக்குள் போய்விடும். அட்டைக் காலுறை போட்டுக்கொண்டு மருந்தைத் தவிர்ப்பது நல்லது; தொடவே தொடாமல் இருப்பது அதைவிட நல்லது.

தோல்வழியே பரவும் நோய் இன்னும் பெரிய கதை. கைட்ரிட் என்ற பூஞ்சை தவளைத் தோலைத் தாக்கி, உப்புச் சமநிலையைக் குலைத்து இதயத்தை நிறுத்திவிடும். உலகம் முழுக்க குறைந்தது 501 இருவாழ்வி இனங்கள் இதனால் குறைந்திருக்கின்றன, அவற்றில் 90 அழிந்துபோயிருக்கலாம் என்று 2019இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இந்தப் பூஞ்சை பதிவாகியிருக்கிறது. ஓர் ஓடையின் சேற்றை இன்னோர் ஓடைக்குக் கொண்டுபோகும் பூட்ஸ் அதற்கு நல்ல வாகனம். சேற்றைத் தேய்த்துக் கழுவி, பிளீச் கரைசலில் நனைத்து, நன்றாக வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த இடத்துக்குப் போகவேண்டும். இருவாழ்வி இனங்களில் சுமார் 41 சதவீதம் அழியும் ஆபத்தில் உள்ளன என்கிறது 2023ஆம் ஆண்டின் உலக மதிப்பீடு. ஊர்வனவில் அது சுமார் 21 சதவீதம். ஏறத்தாழ இரண்டு மடங்கு என்ற இந்த இடைவெளிக்குத் தோலும் ஒரு காரணம்.

கெடுக்கும் வழிகளும் இரண்டுக்கும் வேறு. ஊர்வன தேடுகிறவர் கல்லைப் புரட்டுவார். கல்லடியின் குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்து உருவான இருப்பிடம் அது. எடுத்த இடத்தில் எடுத்த மாதிரியே திருப்பி வைக்காவிட்டால் அங்கே இருந்த பல்லிக்கும் தேளுக்கும் வீடு போயிற்று. பல்லியையோ அரணையையோ பிடிக்கப் போனால் வாலை விட்டுவிட்டு ஓடும். அந்த வாலில்தான் அதன் கொழுப்புச் சேமிப்பு இருக்கிறது. கண் பால்நிறமாகி மங்கியிருக்கும் பாம்பு சட்டை உரிக்கப் போகிறது. அதைத் தொந்தரவே செய்யக்கூடாது. தவளை தேடுகிறவர் கல்லைப் புரட்டாமலேயே கெடுத்துவிடுவார். புதர்த்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முட்டையிலிருந்து குட்டித் தவளையே வெளிவரும். முட்டைகள் சருகிலும் இலையிலும் கிடக்கும். நல்ல கோணம் கிடைக்கவில்லை என்று சருகை மிதித்து நகர்ந்தாலே ஒரு குடும்பம் நசுங்கலாம். களக்காடு முண்டந்துறைப் பக்கத்தில் சில இனங்கள் ஈற்றை மூங்கிலின் சிறு துளை வழியே உள்ளே போய்க் கணுவுக்குள் முட்டையிடுவதையும் ஆண் அங்கேயே காவல் இருப்பதையும் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். உள்ளே படமெடுக்கும் ஆசையில் மூங்கிலைப் பிளப்பவர் படத்தோடு சேர்த்து ஒரு தலைமுறையையும் எடுத்துவிடுகிறார். காட்டுயிரைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றம் என்பது தனிக் கதை. சட்டம் தொடாத இடத்திலும் கெடுதல் நடக்கும் என்பதுதான் இங்கே சொல்ல வந்தது.

எல்லையில் இருவர்

இந்த ஒப்பீடு தடுமாறும் ஓர் இடமும் உண்டு. மழைபெய்த காலையில் வால்பாறைச் சாலையில் மண்புழுவைவிடப் பருமனான, காலில்லாத ஓர் உயிர் ஊர்ந்து போகும். ஊரார் பார்த்ததும் பாம்புக்குட்டி என்பார்கள். அருகில் குனிந்து பார்த்தால் இரண்டில் ஒன்றாக இருக்கும். செதிலே தெரியாமல், உடலைச் சுற்றி வளையம் வளையமாக மடிப்புகளோடு, எண்ணெய் பூசியது மாதிரிப் பளபளத்தால் அது சிசிலியன் எனப்படும் காலில்லா இருவாழ்வி. சில இனங்களுக்குப் பக்கவாட்டில் மஞ்சள் கோடு ஓடும். வரிசையான வழவழப்புச் செதில்களும், அரைகுறையாக வெட்டிவிட்டது போன்ற முரட்டு வால்நுனியும் இருந்தால் அது கேடயவால் பாம்பு; தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் குடும்பம், நஞ்சில்லாதது.

இரண்டும் மண்ணுக்குள் வாழ்பவை, இரண்டும் மழைக்கு மேலே வருபவை, இரண்டும் அதே சாலையில் டயருக்கு அடியில் சாகின்றவை. ஊர்வனவாக இருந்தும் கேடயவால் பாம்பு வெயிலை நாடாமல் மழையை நாடுகிறது. செதில்தோல் என்றால் வெயில் என்ற சூத்திரம் இங்கே பொய்க்கிறது. மண்ணுக்குள் வாழ்கிற உயிருக்கு ஈரமான, இளகிய மண்தான் வழி. எனவே வாழுமிடம் தோலின் விதியைக் கொஞ்சம் திருத்திவிடுகிறது. ஆனால் கையாளும் முறையில் தோல்தான் திரும்பவும் முன்னால் வந்து நிற்கிறது. சாலையைக் கடக்க உதவ நேர்ந்தால் கேடயவால் பாம்பை ஒரு குச்சியால் மெல்ல ஒதுக்கிவிடலாம். சிசிலியனை ஈரமான இலையில் ஏற்றித்தான் நகர்த்த வேண்டும். உலர்ந்த கையோ உலர்ந்த துணியோ படக்கூடாது.

படத்துக்குப் பிறகு

எடுத்த படம் எதற்காவது பயன்பட வேண்டுமென்றால் இரண்டுக்கும் வேறு வேறு விவரம் வேண்டும். தவளைக்கு முகம், பக்கவாடு, விரலிடைச் சவ்வு ஆகியவற்றோடு குரல்பதிவும் வேண்டும். பல புதர்த்தவளை இனங்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், குரலில்தான் பிரியும். கைபேசிப் பதிவே போதுமானது. பாம்புக்குச் செதில்கள் வேண்டும். கட்டு விரியனையும் அதைப்போலவே பட்டைகளுள்ள நஞ்சில்லா ஓநாய்ப் பாம்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டு விரியனின் நடுமுதுகில் ஓடும் செதில் வரிசை மற்றவற்றைவிடப் பெரிது, அறுகோணமானது. அதன் வெள்ளைப் பட்டைகள் பெரும்பாலும் வால்பக்கம் போகப்போகத் தெளியும். ஓநாய்ப் பாம்புக்குத் தலைப்பக்கம் தெளிவாகத் தொடங்கி வால்பக்கம் மங்கும். நீண்ட லென்ஸில் தள்ளி நின்று எடுத்த கூர்மையான படத்தில் இது எல்லாமே தெரியும்.

இடத்தைச் சொல்லும் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கை, காரணம்தான் வேறு. ஊர்வனவுக்குக் கடத்தல்காரர் பயம். நட்சத்திர ஆமைக் கடத்தல் பெருகியதால்தான் 2019இல் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை அதைத் தன் முதல் பட்டியலுக்கு உயர்த்தியது. தவளைக்குப் படமெடுப்போரின் கூட்டமே பயம். ஒரே ஓடையில் அடுத்தடுத்த வாரம் இருபது டார்ச் வந்தால் அந்தப் பருவத்தின் இணைசேர்க்கை கெடும். படத்தை வெளியிடும்போது கைபேசி ஒட்டிவிடும் இடக்குறியை நீக்கிவிட்டு மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வது இரண்டுக்கும் நல்லது.

எதிலிருந்து தொடங்குவது

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தவளையிலிருந்து தொடங்குகிறார்கள். அது கடிக்காது, ஓடாது, அழகாக உட்கார்ந்து படம் கொடுக்கும் என்பது காரணம். இந்த ஒப்பீட்டின் முடிவு அதற்கு நேர்மாறானது. தவளை முதலில் கற்றுக்கொடுப்பது நெருக்கத்தை. நெருக்கத்தைப் பழக்கமாக்கிக்கொண்டவர் பின்னால் விரியனிடம் போகும்போது ஆபத்து அவருக்கு. தவளையிடமே திரும்பிப் போகும்போது ஆபத்து தவளைக்கு. பாறை ஓணான் முதலில் கற்றுக்கொடுப்பது தூரத்தை. எங்கே நின்றால் விலங்கு தன் வேலையைப் பார்க்கும், எங்கே ஓர் அடி கூடினால் தலையாட்டல் நின்றுவிடும் என்ற எல்லைக்கோட்டை அது பட்டப்பகலில், யாருக்கும் உயிராபத்து இல்லாமல் சொல்லிக்கொடுக்கும். அந்த எல்லையைக் கண்ணால் அளக்கத் தெரிந்தவர் ஜூன் மாத இரவில் வால்பாறைக்குப் போனால், இலைக்கு ஒரு சாண் அருகே போக முடிந்தும் எப்போது போகலாம், எப்போது நின்றுவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அதனால், முதல் வருஷம் வெயிலும் நீண்ட லென்ஸும். மழையும் மேக்ரோவும் இரண்டாம் வருஷத்துக்கு.